குறட்டையும் மதிப்பெண்ணும்: உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் குழந்தையின் மூளை

விடியற்காலை நான்கு மணி. ஐந்து வயதுக் குழந்தை தூங்குகிறது. சட்டையைச் சற்று மேலேற்றிவிட்டு மார்பையும் வயிற்றையும் பாருங்கள். சீரான மூச்சில் இரண்டும் ஒன்றாக எழும், ஒன்றாகத் தாழும். மூச்சுப்பாதை அடைபட்ட குழந்தையிடம் இந்த ஒழுங்கு கெட்டுப்போகும். வயிறு உப்பும் அதே நொடியில் மார்பு உள்ளே குழியும். கழுத்தின் அடியில், மார்பெலும்புக்கு மேலே இருக்கும் பள்ளம் இழுபடும். குறட்டைச் சத்தம் திடீரென்று நிற்கும். கேட்டுக்கொண்டிருப்பவருக்கு 'அப்பாடா, அடங்கிவிட்டது' என்றிருக்கும். அடங்கியது குறட்டை மட்டுமல்ல, மூச்சும்தான். மார்பும் வயிறும் எதிரெதிராக இழுத்துக்கொண்டே இருக்கும். காற்று மட்டும் உள்ளே போகாது. சில நொடிகளில் ஒரு செருமல், ஒரு புரளல், தலை பின்னுக்குச் சாயும், குறட்டை மறுபடி தொடங்கும். குழந்தை விழிப்பதே இல்லை. காலையில் அதற்கு எதுவும் நினைவிருக்காது.

(மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கனவு உறக்கத்தில் மார்பு லேசாக உள்வாங்குவது இயல்பாகவே நடக்கும். அதைப் பார்த்து மட்டும் பதறவேண்டாம்.)

இரவில் இப்படிப் பலமுறை நடந்தால் பகலில் படிப்புக்கும் கவனத்துக்கும் என்ன ஆகும் என்பது நூறு வருடங்களுக்கு மேலாகக் கேட்கப்படும் கேள்வி. தொடர்பு இருக்கிறது என்பதில் இன்று பெரிய தகராறு இல்லை. தகராறு வேறு இரண்டு இடங்களில். உறக்கப் பரிசோதனை தரும் எண்ணை வைத்து இந்தப் பாதிப்பை அளக்க முடியுமா? டான்சிலை எடுத்துவிட்டால் போனது திரும்பி வருமா? இரண்டு கேள்விக்கும் கடந்த பன்னிரண்டு, பதின்மூன்று வருட ஆராய்ச்சி கொடுத்திருக்கும் பதில், பெற்றோருக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதிலைவிடச் சிக்கலானது.

ஏன் இந்த வயதில்?

மூக்கின் பின்பக்கம், தொண்டையின் கூரையில் ஒட்டியிருப்பது அடினாய்டு. தொண்டையின் இரு பக்கமும் இருப்பவை டான்சில்கள். மூன்றும் நிணநீர்த் திசு. சுமார் 2 முதல் 8 வயது வரை, மூச்சுப்பாதையின் அகலத்தோடு ஒப்பிட்டால் இவை மிகப் பெரிதாக இருக்கும். விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் விறைப்பாக நின்று பாதையைத் திறந்து வைத்திருக்கும். தூங்கியதும் அந்த விறைப்பு தளரும். கனவு உறக்கத்தில் இன்னும் அதிகமாகத் தளரும். அந்த உறக்கம் இரவின் பின்பாதியில்தான் கூடுதல் என்பதால், படுக்கப்போகுமுன் பத்து மணிக்கு எட்டிப்பார்க்கும் பெற்றோருக்குக் குழந்தை அமைதியாகத் தூங்குவதாகவே தெரியும்.

பெரியவர்களின் உறக்க மூச்சுத்தடையை, அதாவது ஸ்லீப் ஆப்னியாவை, மனதில் வைத்துக்கொண்டு குழந்தையைப் பார்த்தால் ஏமாந்துபோவோம். மூச்சு அடைபட்டால் பெரியவரின் மூளை சட்டென்று அரைவிழிப்புக்கு வந்து தொண்டையைத் திறந்துவிடும். அதனால் அவருடைய தூக்கம் துண்டு துண்டாகும், பகலில் நாற்காலியிலேயே கண் அயர்வார். குழந்தையின் மூளை அவ்வளவு எளிதில் விழிக்காது. தூக்கத்தின் வடிவம் பெரும்பாலும் கலையாமல், பாதி அடைபட்ட பாதை வழியாகவே நீண்ட நேரம் இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறும். பகலில் தூங்கி விழும் குழந்தைகள் குறைவு. பெரும்பாலானவை துறுதுறுவென்று ஓடும், எரிச்சல்படும், சொன்ன வேலையைப் பாதியில் விட்டுவிடும். 'தூக்கம் போதாத குழந்தையா இப்படி ஓடும்?' என்ற நியாயமான சந்தேகத்தாலேயே பல குழந்தைகளின் பிரச்சினை வருடக்கணக்கில் கண்ணில் படாமல் போகிறது.

பெரும்பாலான இரவுகளில் குறட்டை விடும் குழந்தைகள் ஏறக்குறைய பத்தில் ஒன்று. பரிசோதனையில் மூச்சுத்தடை உறுதியாகிறவை 1 முதல் 5 சதவீதம். இந்த இரண்டு வட்டங்களுக்கும் நடுவில் இருப்பவர்கள்தான் ஆராய்ச்சியாளர்களுக்குத் தலைவலி: குறட்டை உண்டு, எண் இயல்பு.

பழைய கவனிப்பு, புதிய அளவு

1889-இல் பிரிட்டிஷ் மருத்துவர் வில்லியம் ஹில், பள்ளியில் பின்தங்கும் குழந்தைகள் சிலரின் மந்தத்துக்குக் காரணம் மூக்கிலும் தொண்டையிலும் இருக்கும் அடைப்பு என்று எழுதினார். 1892-இல் வெளிவந்த தன் மருத்துவப் பாடநூலில் வில்லியம் ஆஸ்லரும் பெருத்த டான்சில், வாய்வழி மூச்சு, மந்தம் மூன்றையும் சேர்த்தே விவரித்தார். அதன் பிறகு இந்தக் கவனிப்பு ஏறத்தாழ மறக்கப்பட்டது. 1976-இல்தான் உறக்க ஆராய்ச்சியாளர் கிறிஸ்தியான் கியெமினோவும் சகாக்களும் எட்டுக் குழந்தைகளின் உறக்கத்தைக் கருவிகளால் பதிவுசெய்து, இது பெரியவர்களுக்கு மட்டுமான நோயல்ல என்று காட்டினார்கள்.

அடுத்த திருப்பம் 1998. குழந்தைகளின் உறக்கத்தை ஆராயும் மருத்துவர் டேவிட் கோசால், அமெரிக்காவில் முதல் வகுப்பில் கடைசிப் பத்து சதவீதத்தில் இருந்த 297 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, அவர்கள் தூங்கும்போது ஆக்சிஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் பதிவுசெய்தார். 54 பேருக்குக் கோளாறு தெரிந்தது. அவர்களில் 24 பேருக்கு டான்சிலும் அடினாய்டும் எடுக்கப்பட்டன. அடுத்த வருடம் அந்த 24 பேரின் சராசரி மதிப்பெண் தரம் 2.43-இலிருந்து 2.87-க்கு ஏறியது. அறுவை சிகிச்சை செய்துகொள்ளாதவர்களின் தரம் அப்படியே நின்றது.

இந்த ஆய்வை இன்றும் எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். அதிலுள்ள ஓட்டையையும் கூடவே சொல்லவேண்டும். யாருக்கு அறுவை சிகிச்சை என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கவில்லை, பெற்றோர் தீர்மானித்தார்கள். பள்ளியிலிருந்து வந்த கடிதத்தைப் படித்து, மருத்துவரைத் தேடிப்போய், அறுவைக்கும் சம்மதிக்கும் வீட்டில் பாடப்புத்தகத்தையும் கொஞ்சம் கூடுதலாகத் திறந்திருப்பார்கள். மதிப்பெண் ஏறியதில் டான்சிலின் பங்கு எவ்வளவு, வீட்டின் பங்கு எவ்வளவு என்று இதைக் கொண்டு பிரிக்க முடியாது.

மூளைக்குள்

மூச்சுத்தடை மூளையை இரண்டு வழிகளில் தாக்குகிறது. ஒன்று, ஆக்சிஜன் திரும்பத் திரும்ப இறங்கி ஏறுவது. மலைமேல் வாழ்பவருக்கு ஆக்சிஜன் ஒரே அளவில் குறைவாக இருக்கும்; உடல் அதற்குப் பழகிக்கொள்ளும். இரவில் பல தடவை இறங்கி ஏறுவது வேறு கதை. ஒவ்வொரு ஏற்றத்திலும் செல்களை அரிக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் உருவாகி அழற்சியைக் கிளப்புகின்றன. எலிகளை இப்படி ஏற்றி இறக்கி வளர்த்தபோது, நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியிலும் மூளையின் புறணியிலும் செல்கள் மடிந்தன. நீர்த்தொட்டியில் மறைந்திருக்கும் மேடையை நினைவு வைத்துத் தேடும் சோதனையில் அந்த எலிகள் பின்தங்கின. இரண்டாவது வழி, தூக்கம் நுணுக்கமாகக் கலைவது. குழந்தை விழிக்காவிட்டாலும், மூச்சை மீட்கப் போராடும் ஒவ்வொரு முறையும் இதயத் துடிப்பு குதிக்கும், ஆழ்ந்த உறக்கத்தின் அலைகள் ஒரு கணம் தடுமாறும்.

அடிபடும் திறன்களில் முதலிடம் முன்மூளையின் வேலைகளுக்கு: ஆசையை அடக்குவது, ஒன்றை மனதில் பிடித்துக்கொண்டே இன்னொன்றைச் செய்வது, திட்டமிடுவது. 'பையைத் திற, கணக்கு நோட்டை எடு, நேற்று விட்ட பக்கத்திலிருந்து தொடங்கு' என்றால் பையைத் திறந்ததோடு நின்றுவிடும் குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். பாடம் தெரியாது என்பதல்ல அங்கே சிக்கல். மூன்று கட்டளையும் மனதில் நிற்கவில்லை.

மனிதக் குழந்தைகளிடம் கிடைத்த சான்றுகள்? ஆன் ஹால்போவரின் குழு 2006-இல் கடுமையான, சிகிச்சை பெறாத மூச்சுத்தடை உள்ள 19 குழந்தைகளைப் பரிசோதித்தது. அவர்களின் சராசரி நுண்ணறிவு எண் 85.8, ஒப்பீட்டுக் குழந்தைகளுக்கு 101.1. மூளையின் வேதிப்பொருள்களை அளக்கும் ஸ்கேனில், இடது ஹிப்போகாம்பஸிலும் வலது முன்மூளையிலும் நரம்பணுக்கள் பாதிக்கப்பட்டதற்கான அறிகுறி தெரிந்தது. பிரிட்டனில் 11,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து பின்தொடர்ந்த ஆய்வை வைத்து 2012-இல் வெளிவந்த அலசலில், குறட்டையும் வாய்வழி மூச்சும் மோசமாக இருந்த குழந்தைகளுக்கு 7 வயதில் நடத்தைச் சிக்கல் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 40 முதல் 100 சதவீதம் வரை கூடியிருந்தது. 2021-இல் அமெரிக்காவின் 9, 10 வயதுக் குழந்தைகள் 10,000-க்கும் மேற்பட்டோரின் எம்.ஆர்.ஐ. படங்களை ஆராய்ந்தபோது, பெற்றோர் 'குறட்டை விடுகிறது' என்று சொன்ன குழந்தைகளின் முன்மூளையில் சாம்பல்நிறப் படலம் மெலிந்திருந்தது.

கடைசி ஆய்வில் எல்லா அளவுகளும் ஒரே காலத்தில் எடுக்கப்பட்டவை. குறட்டையால் மெலிந்ததா, இரண்டுக்கும் பின்னால் வேறொன்று இருக்கிறதா என்று ஒற்றைப் படம் சொல்லாது. உடல் எடை, சிகரெட் புகை, வீட்டின் வசதிக் குறைவு, குறைப்பிரசவம் எல்லாமே குறட்டையையும் கூட்டும், படிப்பையும் பாதிக்கும். கணக்கில் இவற்றைக் கழித்தாலும் முழுதாகக் கழிந்துவிடாது.

அந்த ஒற்றை எண்

உறக்கப் பரிசோதனையில் குழந்தையின் மேல் என்னென்ன ஒட்டுகிறார்கள் என்று தெரிந்தால், அறிக்கையைப் படிக்கும்போது குழப்பம் குறையும். தலையில் மூளை அலைகளுக்கு மின்முனைகள், கண்ணோரத்திலும் தாடையிலும் இன்னும் சில. மூக்குத் துளையில் காற்றழுத்தத்தை அளக்கும் மெல்லிய குழாய். மூக்குக்கும் வாய்க்கும் நடுவே மூச்சின் வெப்பத்தை உணரும் கம்பி. மார்பிலும் வயிற்றிலும் நெகிழும் பட்டைகள். விரலில் ஆக்சிஜன் உணரி. கார்பன் டை ஆக்சைடு அளவி, இதயத் துடிப்பு, வீடியோ.

வாயால் மூச்சு விடும் குழந்தைக்கு மூக்குக் குழாயில் காற்றே தெரியாது. வெப்பக் கம்பியைப் பார்க்காமல் அதை மட்டும் நம்பினால் இல்லாத தடையை எண்ணிவிடுவோம். சளி ஒழுகும் மூக்கில் கார்பன் டை ஆக்சைடு குழாய் அடைத்துக்கொண்டு பொய்யாகக் குறைந்த அளவைக் காட்டும். நல்ல ஆய்வகத்தில் ஒருவர் இரவெல்லாம் விழித்திருந்து இவற்றைச் சரிசெய்வார். கழன்று விழுந்த உணரியோடு ஓடிய இரவின் அறிக்கைக்கு மதிப்பில்லை. எத்தனை மணி நேரம் தூக்கம் பதிவானது, அதில் கனவு உறக்கம் இருந்ததா என்பதை முதலில் பாருங்கள். கனவு உறக்கமே வராத இரவில் எண் குறைவாக இருந்தால் நிம்மதியடைய ஒன்றுமில்லை.

எல்லாவற்றையும் சுருக்கி வருவது ஏ.எச்.ஐ. எண்: ஒரு மணி நேரத் தூக்கத்தில் மூச்சு நின்ற தடவைகளும் குறைந்த தடவைகளும் சேர்ந்தது. பெரியவருக்கு 5 வரை இயல்பு, மூச்சு 10 நொடி நின்றால்தான் கணக்கு. குழந்தைக்கு இரண்டு மூச்சு தவறினாலே கணக்கு. 1-க்கு மேல் போனாலே இயல்பல்ல. 1 முதல் 5 வரை லேசானது, 5 முதல் 10 வரை நடுத்தரம், 10-க்கு மேல் கடுமையானது. பெரியவர்களின் அளவுகோலை வைத்துக் குழந்தையின் அறிக்கையைப் படித்து '4 தானே, பரவாயில்லை' என்று சொல்லிவிடும் தவறு இன்னமும் நடக்கிறது. தூக்கத்தின் 25 சதவீத நேரத்துக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு 50 மி.மீ. பாதரச அளவைத் தாண்டி நின்றால், ஏ.எச்.ஐ. எவ்வளவாக இருந்தாலும் அது கோளாறுதான். நீண்ட நேரம் பாதி அடைப்போடு ஓடும் மூச்சை இந்த அளவு பிடிக்கும், ஏ.எச்.ஐ. தவறவிடும்.

இவ்வளவு பாடுபட்டு எடுத்த எண், குழந்தையின் நடத்தையையோ கவனத்தையோ சரியாகக் கணிப்பதில்லை. ஏ.எச்.ஐ. 2 உள்ள குழந்தை வகுப்பில் திணறும். 12 உள்ளது நன்றாகவே படிக்கும். ரொனால்ட் செர்வின் குழு 2000-இல் வெளியிட்ட 22 கேள்விகள் கொண்ட பெற்றோர் படிவம் ஒன்று இருக்கிறது: பாதி நேரத்துக்கு மேல் குறட்டையா, காலையில் வாய் உலர்ந்திருக்கிறதா, படுக்கையை நனைக்கிறதா, பேசும்போது கேட்காததுபோல் இருக்கிறதா என்று போகும். பதிலளித்த கேள்விகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் 'ஆம்' வந்தால் கவனிக்கவேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு யாருடைய நடத்தையும் வாழ்க்கைத் தரமும் மேம்படும் என்பதை, விலை உயர்ந்த பரிசோதனையைவிட இந்தப் படிவம் நன்றாகக் கணித்தது என்று 2015-இல் ஒரு அலசல் காட்டியது. உறக்க ஆய்வகங்கள் இதை இன்னும் முழுதாகச் செரித்துக்கொள்ளவில்லை என்றே தோன்றுகிறது.

சீட்டுக் குலுக்கிய ஆய்வுகள்

2013-இல் வெளிவந்த 'சாட்' ஆய்வு அமெரிக்காவில் நடந்தது. 5 முதல் 9 வயதுக்குட்பட்ட 464 குழந்தைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உடனே டான்சிலும் அடினாய்டும் அகற்றம், மறுபாதிக்கு ஏழு மாதக் காத்திருப்பு. முக்கிய அளவுகோல், உளவியலாளர் நேரில் நடத்தும் கவனம்-திட்டமிடல் சோதனை.

காத்திருந்தவர்களின் மதிப்பெண் சராசரியாக 5.1 புள்ளி ஏறியது. அறுவை செய்துகொண்டவர்களுக்கு 7.1. இடைவெளி தற்செயலாக வரக்கூடிய அளவுதான். இந்த இரண்டு எண்ணையும் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். ஒப்பீட்டுக் குழு இல்லாமல் இருந்திருந்தால் '7 புள்ளி ஏறியது, அறுவை சிகிச்சைக்கு நன்றி' என்று எல்லோரும் எழுதியிருப்பார்கள். அதில் ஐந்து, குழந்தை ஏழு மாதம் வளர்ந்ததாலும் அதே சோதனையை இரண்டாவது தடவை எழுதியதாலும் வந்தது.

வேறு அளவுகளில் வித்தியாசம் இருந்தது. உறக்கப் பதிவு இயல்புக்குத் திரும்பியவர்கள் 79 சதவீதம், காத்திருந்தவர்களில் 46. பெற்றோர் சொன்ன நடத்தை, வாழ்க்கைத் தரம், அறிகுறிகள் எல்லாம் அறுவைக் குழுவில் தெளிவாக மேம்பட்டன. ஆசிரியர்கள் நிரப்பிய படிவங்களில் ஒன்றில் வித்தியாசம் தெரிந்தது, மற்றதில் தெரியவில்லை. பெற்றோருக்குத் தங்கள் குழந்தை எந்தக் குழு என்று தெரியும் என்பதால், அவர்கள் படிவத்தில் கொஞ்சம் நம்பிக்கையும் கலந்திருக்கலாம்.

ஆஸ்திரேலியாவில் 3 முதல் 5 வயதுக் குழந்தைகள் 190 பேரை வைத்து நடந்த 'போஸ்டா' ஆய்வும் (2020) நுண்ணறிவில் வித்தியாசம் காணவில்லை. உறக்கமும் நடத்தையும் மேம்பட்டன. 2023-இன் 'பேட்ஸ்' ஆய்வு இன்னும் லேசான கோளாறை எடுத்துக்கொண்டது: குறட்டை உண்டு, ஏ.எச்.ஐ. 3-க்குக் கீழ், மொத்தம் 459 குழந்தைகள். பன்னிரண்டு மாதம் கழித்து முக்கிய அளவுகோல்களான செயல்திறன் படிவத்திலும் கவனச் சோதனையிலும் வித்தியாசம் இல்லை. நடத்தை, அறிகுறிகள், இரத்த அழுத்தம் ஆகியவை மேம்பட்டன. ஏ.எச்.ஐ. 3-ஐத் தாண்டியவர்கள் காத்திருந்த குழுவில் 13.2 சதவீதம், அறுவைக் குழுவில் 1.3.

மூன்று ஆய்வும் ஒரே மாதிரி சொல்வதால் 'மூளைக்குப் பாதிப்பே இல்லை' என்று முடிவு கட்டுவது தவறு. சாட் ஆய்வில் சேர்ந்த குழந்தைகளின் தொடக்க மதிப்பெண் சராசரி 101. அந்தச் சோதனையில் எல்லாக் குழந்தைகளுக்குமான சராசரியே 100. குறையாத ஒன்றை அறுவை சிகிச்சை எப்படி நிரப்பும்? ஆக்சிஜன் நீண்ட நேரம் விழுந்தவர்களைக் காத்திருக்க வைப்பது நியாயமல்ல என்பதால் முதலிலேயே சேர்க்கவில்லை. ஹால்போவர் பார்த்த குழந்தைகள் இவர்கள் அல்ல. இன்னொன்று, அமைதியான அறையில் ஒருவருக்கு ஒருவராக உட்கார்ந்து முப்பது நிமிடம் கவனித்துவிடுவது பல குழந்தைகளால் முடியும். நாற்பது பேர் இரையும் வகுப்பில், மதியத்துக்கு மேல் கவனிப்பதுதான் கடினம். அதை இந்தச் சோதனை அளக்காது, நடத்தைப் படிவம் ஓரளவு அளக்கும். அதனால் படிவத்தில் வந்த மாற்றத்தைப் பெற்றோரின் பிரமை என்று நான் ஒதுக்கமாட்டேன்.

மருத்துவர் பெற்றோரிடம் நேர்மையாகச் சொல்லக்கூடியது இதுதான்: லேசான, நடுத்தரக் கோளாறுக்கு அறுவை சிகிச்சை செய்தால் தூக்கம் சீராகும், குழந்தையின் எரிச்சலும் பரபரப்பும் குறைய நல்ல வாய்ப்பு உண்டு, நுண்ணறிவு எண் உயரும் என்றோ மதிப்பெண் கூடும் என்றோ வாக்குத் தரமுடியாது.

வீட்டிலும் மருத்துவமனையிலும்

சந்தேகம் வந்தால் முதலில் செய்யவேண்டியது வீடியோ. விடியலுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு, போர்வையை விலக்கி, முகத்திலிருந்து இடுப்பு வரை தெரியும்படி, ஒலியோடு இரண்டு மூன்று நிமிடம். வெவ்வேறு இரவுகளில் மூன்று பதிவு எடுங்கள். சளி பிடித்த வாரத்தில் எடுத்ததை வைத்து முடிவு கட்டவேண்டாம். சளியில் எந்தக் குழந்தையும் குறட்டை விடும். வாரத்தில் மூன்று இரவுக்கு மேல் குறட்டை, மூச்சு நிற்பதுபோன்ற இடைவெளி, கழுத்தைப் பின்னுக்கு வளைத்துத் தூங்குவது, தூக்கத்தில் வியர்த்துக் கொட்டுவது, நின்றுபோன படுக்கை நனைப்பு மறுபடி தொடங்குவது, காலைத் தலைவலி: இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இவற்றோடு, குழந்தை தூங்கும் மணி நேரத்தையும் எண்ணுங்கள். அமெரிக்க உறக்க மருத்துவ அகாடமி 2016-இல் வகுத்த அளவு: 3 முதல் 5 வயதுக்கு நாளுக்கு 10 முதல் 13 மணி நேரம், 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12, பதின்பருவத்துக்கு 8 முதல் 10. பத்தரைக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுப்பப்படும் ஏழு வயதுக் குழந்தையின் கவனக்குறைவுக்கு டான்சிலைத் தேடிப் போகவேண்டியதில்லை.

வாயைத் திறந்து பார்த்து டான்சிலின் அளவை 1 முதல் 4 வரை தரம் பிரிப்பார்கள். 4 என்றால் பாதையில் முக்கால் பங்குக்கு மேல் அடைப்பு. அந்த அளவுக்கும் நோயின் கடுமைக்கும் பொருத்தம் குறைவு. தரம் 2 டான்சிலோடு பெரிய அடினாய்டு இருக்கலாம். அடினாய்டு வாயைத் திறந்தால் தெரியாது. இரவு முழுக்கப் பதிவாகும் ஆக்சிஜன் அளவி பயனுள்ளது, ஆனால் ஒருபக்கமாக மட்டும். ஆக்சிஜன் கொத்துக் கொத்தாக 90-க்குக் கீழே மூன்று முறையாவது விழுந்திருந்தால் நோய் ஏறக்குறைய உறுதி. விழாவிட்டால் எதுவும் உறுதியில்லை. ஆக்சிஜன் விழாமலே மூச்சு திணறும் குழந்தைகள் ஏராளம். கருவி 2, 3 நொடிச் சராசரியில் பதிவுசெய்யவேண்டும். பத்துப் பதினைந்து நொடிச் சராசரி எடுக்கும் கருவி சின்னச் சின்ன இறக்கங்களை மழுக்கிவிடும்.

கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு, அதாவது ஏ.டி.எச்.டி. என்று பெயர் சூட்டுமுன் குறட்டையைக் கேட்பது கட்டாயமாகவேண்டும். செர்வின் குழு 2006-இல் டான்சில் அறுவைக்கு வந்த 78 குழந்தைகளைப் பார்த்தபோது 22 பேருக்கு அந்தக் குறைபாடு இருந்தது. ஒரு வருடம் கழித்து அவர்களில் 11 பேர் அந்த வரையறைக்குள் வரவில்லை. மீதி 11 பேருக்கு அது தொடர்ந்தது என்பதையும் சேர்த்துப் படிக்கவேண்டும். டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தைக்கு அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான்கு வயதுக்குள் உறக்கப் பரிசோதனை செய்யச் சொல்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி.

லேசான குறட்டைக்கு மூக்கு ஸ்பிரே முதல் படி. ஆஸ்திரேலியாவில் 3 முதல் 12 வயதுக் குழந்தைகள் 276 பேருக்கு ஆறு வாரம் ஸ்டீராய்டு ஸ்பிரேயும் வெறும் உப்புநீர் ஸ்பிரேயும் பிரித்துக் கொடுத்தார்கள். இரண்டு குழுவிலும் பத்துக்கு நாலு பேருக்குச் சற்றுக் கூடுதலாகவே அறிகுறிகள் அடங்கின. ஆறு வாரம் உப்புநீர் போட்டுப் பார்ப்பதில் இழக்க ஒன்றுமில்லை. ஆஸ்துமாவுக்குத் தரப்படும் மாண்டெலுகாஸ்ட் மாத்திரையும் எழுதப்படுவதுண்டு; அது மனநிலை, நடத்தை மாற்றங்களை உண்டாக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் கடும் எச்சரிக்கை சேர்த்தது. நடத்தைக்காகவே மருத்துவரிடம் வந்த குழந்தைக்கு இதைக் கொடுத்தால், பிறகு எதனால் என்ன என்று பிரிப்பது பெரும்பாடு.

அறுவை சிகிச்சை முடிவானால் கேட்கவேண்டியவை சில. உள்நாக்கு இரண்டாகப் பிளந்திருக்கிறதா என்று பார்த்தார்களா? அது மேலண்ணத்தின் மறைவான பிளவுக்கு அடையாளம். அந்தக் குழந்தைக்கு அடினாய்டை முழுதாக எடுத்தால் பேச்சு மூக்கால் ஒலிக்கும், குடித்த தண்ணீர் மூக்கில் வரும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையும் கடுமையான மூச்சுத்தடை உள்ள குழந்தையும் அன்றிரவு மருத்துவமனையில் கண்காணிப்பில் இருக்கவேண்டும். தடை உடனே மறையாது. வீக்கத்தால் முதல் இரவு இன்னும் மோசமாகலாம். ஆக்சிஜன் விழுந்து பழகிய குழந்தைகளுக்கு ஓபியாய்டு வலிநிவாரணிகள் குறைந்த அளவிலேயே மூச்சை அடக்கிவிடும். அந்த வகையைச் சேர்ந்த கோடீன் கூடவே கூடாது: சில குழந்தைகளின் கல்லீரல் அதை மிக வேகமாக மார்ஃபினாக மாற்றிவிடும். அமெரிக்காவில் 2017 முதல் 12 வயதுக்கு உட்பட்டோருக்கு அது தடை. பாரசிட்டமாலும் இப்யூபுரோஃபெனும் மணிப்படி கொடுத்தால் பெரும்பாலும் போதும். தொண்டையில் வெள்ளை மஞ்சள் படலமும் வாய் நாற்றமும் ஒரு வாரத்துக்கு மேல் இருக்கும், அது சீழ் அல்ல. படலம் உதிரும் ஐந்து முதல் பத்தாம் நாளுக்குள் புதிய இரத்தம் வந்தால், சிறிதானாலும், உடனே மருத்துவமனை.

எடுத்துவிட்டால் தீர்ந்தது என்றும் இல்லை. 2010-இல் 578 குழந்தைகளின் பதிவுகளைத் தொகுத்தபோது, ஏ.எச்.ஐ. 1-க்குக் கீழே முழுதாக இறங்கியவர்கள் 27 சதவீதம்தான். பெரும்பாலோருக்கு எண் நன்றாகக் குறைந்தாலும் மிச்சம் இருந்தது. உடல் பருமன், ஏழு வயதைத் தாண்டியிருப்பது, ஆஸ்துமா, தொடக்கத்திலேயே கடுமை ஆகியவை இருந்தால் மிச்சம் நிற்கும் வாய்ப்பு அதிகம். இவர்களுக்கு மறுபடி பரிசோதனை தேவை. முகமூடி வழியாகக் காற்றழுத்தம் தரும் சிபாப் கருவியும் தேவைப்படலாம். முகமூடி வளரும் முகத்தின் நடுப்பகுதியை அழுத்தும் என்பதால் சில மாதங்களுக்கு ஒருமுறை அளவும் வடிவமும் பார்த்து மாற்றவேண்டும். அறுவைக்குப் பின் குழந்தைகளின் எடை ஏறும். மெலிந்த குழந்தைக்கு நல்லது. ஏற்கெனவே பருமனான குழந்தைக்கு அதே எடை மூச்சுத்தடையைத் திரும்பக் கொண்டுவரும்.

பலர் தவறவிடும் ஒரு சின்ன வேலை, அறுவைக்கு முன்பே நடத்தைப் படிவத்தை வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்து நிரப்பி வாங்குவது. ஆறு மாதம் கழித்து அதே படிவம், முடிந்தால் அதே ஆசிரியர், ஆண்டுத் தேர்வு நெருக்கடி இல்லாத வாரம். முதல் படிவம் இல்லாவிட்டால் 'முன்பு எப்படி இருந்தான்?' என்ற கேள்விக்கு யாருடைய நினைவையும் நம்ப முடியாது. ஆறு மாதத்தில் எல்லாக் குழந்தையும் கொஞ்சம் அடங்கித்தான் இருக்கும்.